தேவனா, கடவுளா? திண்டிவனத்திலிருந்து வந்த பொது பைபிள்

இன்னைக்கு ஒரு புத்தகத்தோட கதை. புத்தகத்துக்குள்ள என்ன எழுதியிருக்குங்கிறது நம்ம விஷயம் இல்ல. அதுல ஒவ்வொரு சொல்லையும் போட யார் யார் சேர்ந்து உட்கார்ந்தாங்க, யார் எதை விட்டுக்கொடுத்தாங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சு. இதுதான் இந்த எபிசோடு.

தமிழ்நாட்டில் இப்போது எந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனாலும் அங்கே புழங்கும் பைபிளுக்குத் 'திருவிவிலியம்' என்று பெயர். பெயரோடு சேர்த்து 'பொது மொழிபெயர்ப்பு' என்று போட்டிருக்கும். வெளிவந்த ஆண்டு 1995. வெளியிட்டவர்கள் யார் என்று உள்பக்கத்தைப் பார்த்தால், தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம், திண்டிவனம். ஆமா, நம்ம திண்டிவனம்தான். சென்னையிலிருந்து தெற்கே போற பாதிப் பேருக்கு அது பாண்டிச்சேரிக்குத் திரும்புற இடம், அவ்வளவுதான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டதும் சமாதானமானதும் சேர்ந்த ஒரு பெரிய வரலாறு அந்த ஊர் முகவரியோட அச்சாகியிருக்கு.

அந்தப் 'பொது' என்ற சொல்லைக் கவனிங்க. யாருக்குப் பொது? கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் பொது. கத்தோலிக்க ஆயர்கள் ஒரு பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் சபைகளுக்காகவே வேலை செய்துவந்த இந்திய விவிலியச் சங்கம் இன்னொரு பக்கம். ரெண்டு தரப்பு அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உருவாக்கியது. இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் பின்னாடி.

1706ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்குகிறார். ஜெர்மானியர், லுத்தரன். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். கொஞ்ச நாளில் எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வருகிறார். இத்தாலியர், இயேசு சபைத் துறவி, பெஸ்கி. ஸ்கூல்ல நாம படிச்ச வீரமாமுனிவர். பாடப்புத்தகத்தில் அவர் தேம்பாவணி எழுதினார், அகராதி செய்தார், எழுத்துச் சீர்திருத்தம் பண்ணினார் என்றெல்லாம் இருக்கும். அவர் லுத்தரன்களைப் போட்டுக் கிழித்து எழுதியது இருக்காது. 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேர் இனத்தியல்பு' என்று வரிசையாக எழுதினார். தரங்கம்பாடிக்காரர்களும் அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுடைய தமிழ் நடையையும் பெஸ்கி விட்டுவைக்கவில்லை. அதில் அவர் பக்கம் நியாயம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன், அந்த ஆளோட தமிழ் அப்படி.

ஆனா அது விவாதம்னு சொல்லலாமா? ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் எழுதவே இல்ல. அவரவர் தங்கள் ஆட்களுக்கு எழுதினாங்க, அந்தப் பக்கம் போயிடாதீங்கன்னு. இன்னைக்கு ரெண்டு யூடியூப் சேனல் ஒருத்தரை ஒருத்தர் 'எக்ஸ்போஸ்' பண்றது மாதிரி. வியூஸ் ஏறும், எதிர்ப்பக்கம் இருக்கிறவன் ஒருத்தன்கூட மாறமாட்டான்.

இதில் ஒரு வேடிக்கை. கடவுளைக் குறிக்க சீகன்பால்கு முதலில் எடுத்த சொல் 'சர்வேசுரன்'. அது ஏற்கெனவே கத்தோலிக்கர் புழங்கிய சொல். சண்டை போட்டவங்களே ஒரே சொல்லைத்தான் வச்சிருந்தாங்க. பிறகு ஃபப்ரிசியஸ் வந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த மொழிபெயர்ப்பில் அது 'பராபரன்' ஆனது. ஹென்றி பவர் தலைமையில் நடந்து 1871ல் வந்த மொழிபெயர்ப்பில் 'தேவன்'. இன்னைக்கும் புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கிற கறுப்பு அட்டை 'பரிசுத்த வேதாகமம்' இந்த வழியில் வந்ததுதான். கத்தோலிக்கர் தனியாகப் போனார்கள். 1857ல் புதுச்சேரியில் அவர்களுடைய புதிய ஏற்பாடு வந்தது, லத்தீன் பைபிளிலிருந்து. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு இன்றும் மேற்றிராசனம் புதுவை–கடலூர்தான்.

இப்படியே போய் ஒரே ஊரில், ஒரே தெருவில், ரெண்டு தமிழ் உருவாகிவிட்டது. இந்தப் பக்கம் ஜெபம், அந்தப் பக்கம் செபம். இங்கே பரிசுத்த ஆவி, அங்கே போர்ச்சுகீசிலிருந்து வந்த இஸ்பிரித்து சாந்து. இங்கே ஆராதனை, அங்கே பூசை. இங்கே ஐயர், அங்கே சாமியார்.

பெயர்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. புராட்டஸ்டன்டுகள் ஒலியை எடுத்தார்கள்: பேதுரு, பவுல், யோவான். கத்தோலிக்கர் அர்த்தத்தை எடுத்தார்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவன், ஆகவே சின்னப்பர். யோவான் என்ற பெயரில் கடவுளின் அருள் என்ற பொருள் இருக்கிறது, ஆகவே அருளப்பர். பேதுரு என்றால் பாறை, தெலுங்கில் ராய் என்றால் கல், ஆகவே இராயப்பர். யோசேப்பு சூசையப்பர். உங்க க்ளாஸ்ல ஒரு சின்னப்பனோ அருளப்பனோ இருந்திருந்தா, அந்தப் பெயருக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய மொழிபெயர்ப்பு முடிவு இருக்கு.

எனக்கு இது ஏன் இவ்வளவு ஒட்டுதுன்னு சொல்லிடறேன். எங்க அப்பா வீடு விழுப்புரம், லுத்தரன். அம்மா வீடு திண்டிவனம், கத்தோலிக்கம். நடுவுல முக்கால் மணி நேர பஸ் பயணம். அம்மாவைப் பெத்த ஆயா தவறினப்போ வீட்டு வாசல்ல ஷாமியானா போட்டு ரெண்டு பக்கத்து ஆட்களும் நிக்கிறாங்க. கர்த்தர் கற்பித்த ஜெபம் ஆரம்பிச்சது. ஒரு பக்கம் 'பரமண்டலம்', 'பிதா'. இன்னொரு பக்கம் 'விண்ணுலகம்', 'தந்தை'. சத்தத்துல ஒண்ணா கலந்து எப்படியோ போயிட்டு இருந்தது. கடைசியில திண்டிவனத்து ஆட்கள் ஆமென் சொல்லி முடிச்சிட்டாங்க. விழுப்புரத்து ஆட்கள் முடிக்கல. புராட்டஸ்டன்ட் ஜெபத்துல அதுக்கப்புறம் ராஜ்யம், வல்லமை, மகிமைன்னு ஒரு பகுதி இருக்கு. ஒரு நொடி எங்க பெரியப்பா மட்டும் தனியா சத்தமா சொல்லிட்டு, சுத்தியும் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டார்.

யாரும் எதுவும் சொல்லல. அதான் விஷயமே. எங்க குடும்பத்துல முப்பது வருஷமா யாரும் எதுவும் சொன்னதில்ல. பொங்கலுக்குப் போவோம், கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் மாத்திக்குவோம், மாதா பத்தியோ திருவிருந்து பத்தியோ பேச்சு வந்தா யாராவது எழுந்து காபி போடப் போயிடுவாங்க. அந்தக் கடைசிப் பகுதி ஏன் ஒரு பக்கம் இருக்கு, ஒரு பக்கம் இல்லன்னு நான் பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்தப் பகுதி கிடையாது. ஆனால் ரொம்ப ஆரம்ப காலத்திலேயே வழிபாட்டில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ரெண்டு தரப்புக்கும் காரணம் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல பேசி முடிக்கிற விஷயம். யாராவது கேட்டிருக்கணும்.

சரி, சபைகள் எப்போ பேச ஆரம்பிச்சாங்க?

முதலில் புராட்டஸ்டன்டுகள் தங்களுக்குள்ளேயே பேச வேண்டியிருந்தது. ஏன்னா அவங்களே பத்துப் பிரிவா வந்திருந்தாங்க. தென்னாற்காட்டை மட்டும் எடுத்துக்கிட்டா, திண்டிவனம் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் வேலை செய்த ஊர். ஐடா ஸ்கட்டர் கதை தெரியும்ல? ஒரே ராத்திரியில் மூணு பேர் வந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு, பெண் டாக்டர் இல்லாததால் மூணு பெண்களும் இறந்துபோனது. வேலூர் சிஎம்சிக்கு விதை போட்ட அந்த ராத்திரி நடந்தது திண்டிவனம் மிஷன் பங்களாவில். அந்த மிஷன் சீர்திருத்த சபை மரபு. விழுப்புரம் பக்கமும் தெற்கேயும் டென்மார்க்கிலிருந்து வந்த லுத்தரன் மிஷன். சென்னைக்குப் போனா ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட். ஐரோப்பாவில் யாரோ யாரோடோ 16ஆம் நூற்றாண்டில் போட்ட சண்டைக்கு இங்கே வானூர்க்காரரும் செஞ்சிக்காரரும் தனித்தனி ரிஜிஸ்டரில் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதைத்தான் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர் கேட்டார்கள். ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம்: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் மேல் வந்தவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பம் இல்லை.

அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை எவ்வளவு காலம் நடந்தது தெரியுமா? 28 வருஷம். பெரிய சிக்கல் ஆயர் பதவி. ஆயர் கை வைத்து அபிஷேகம் பண்ணாத ஒருவர் திருவிருந்து கொடுத்தா செல்லுமா செல்லாதா? ஆங்கிலிக்கன் ஒண்ணு சொல்வார், மெதடிஸ்ட் ஒண்ணு சொல்வார், ஆயரே வேண்டாம்னு வளர்ந்தவங்க ஒண்ணு சொல்வாங்க. கடைசியில் ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கிற எல்லாரையும் அப்படியே ஏற்பது, இனி வருபவர்களுக்கு ஆயர் அபிஷேகம் செய்வது, எந்தச் சபையின் மீதும் அதன் மனசாட்சிக்கு ஒவ்வாத போதகரைத் திணிக்காமல் இருப்பது என்று முடிவானது. லண்டனில் இருந்து கவிஞர் டி.எஸ். எலியட் இதை எதிர்த்து 1943ல் ஒரு சிறுபிரசுரமே எழுதினார். ஆமாங்க, நோபல் வாங்கிய அதே எலியட். நம்ம ஊர் சபைகள் சேர்றதுல அவருக்கு அவ்வளவு கவலை. 1947 செப்டம்பர் 27ல் சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, பிறந்தது. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி 1 அன்றே இறந்துவிட்டார்.

லுத்தரன்கள் சேரவில்லை. 1919 கூட்டம் நடந்ததோ அவங்க பிறந்த மண்ணில்! 1948லிருந்து சிஎஸ்ஐயும் லுத்தரன் சபைகளும் தனியாகப் பல வருஷம் உட்கார்ந்து திருவிருந்து உட்பட ஒவ்வொரு கோட்பாடாகப் பேசினார்கள், ஒத்த கருத்து அறிக்கைகளும் எழுதினார்கள். இணைப்பு நடக்கவில்லை. அதனால்தான் இன்னைக்கும் விழுப்புரத்தில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை தனி, சிஎஸ்ஐ தனி.

கத்தோலிக்கர் பக்கம் கதவு திறந்தது 1965ல். ரெண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், மற்றக் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து பைபிளை மொழிபெயர்க்கலாம் என்று அனுமதி வந்தது. 1968ல் வத்திக்கானின் கிறிஸ்தவ ஒன்றிப்புச் செயலகமும் ஐக்கிய பைபிள் சங்கங்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டன. கட்டமைப்பைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு. சின்னதா ஒரு மொழிபெயர்ப்புக் குழு, அதில் ரெண்டு தரப்பும் சரிபாதி. அதுக்கு மேல ஒரு ரிவ்யூ குழு. அதுக்கும் மேல, சபைகளின் கருத்தைச் சொல்ல ஒரு பெரிய ஆலோசனைக் குழு. இன்னொரு விதி ரொம்ப முக்கியம்: அடிக்குறிப்பில் மூலப் படிகளின் வேறுபாடு, மாற்று மொழிபெயர்ப்பு, வரலாற்று விளக்கம் இதெல்லாம் தரலாம். ஒரு சபையின் கோட்பாட்டை நியாயப்படுத்தக் கூடாது. பெஸ்கியும் தரங்கம்பாடிக்காரர்களும் காலத்துக்கும் பண்ணின வேலையை மொத்தமா தடை பண்ணிட்டாங்க.

முதல் சிக்கல் எண்ணிக்கை. கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், புராட்டஸ்டன்டுகளுக்கு 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் மாதிரி நூல்களை ஒரு பக்கம் வேதம் என்கிறது, இன்னொரு பக்கம் படிக்கலாம் ஆனால் வேதம் இல்லை என்கிறது. திருவிவிலியத்தில் என்ன செய்தார்கள் என்றால், அவற்றை எடுக்கவும் இல்லை, கத்தோலிக்க வழக்கப்படி பழைய ஏற்பாட்டுக்குள் கலக்கவும் இல்லை. ரெண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் 'இணைத்திருமுறை நூல்கள்' என்று தனிப் பிரிவு. கத்தோலிக்கர் ஏத்துக்கணும்னா இடம் மாறியதைப் பொறுத்துக்கணும். புராட்டஸ்டன்டுகள் ஏத்துக்கணும்னா அட்டைக்குள்ள இருக்கிறதைப் பொறுத்துக்கணும். கோட்ல ரெண்டு பேர் ஒரே வரியை மாத்தினா மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும். நீங்க செய்தது சரி, நான் செய்தது சரின்னு ரெண்டையும் வச்சுக்க முடியாத இடத்துல மூணாவதா ஒரு வரி எழுதணும். அது அந்த மாதிரி மூணாவது வரி.

அடுத்து சொற்கள். தேவன், சர்வேசுரன் ரெண்டும் போய் 'கடவுள்'. கர்த்தர் போய் 'ஆண்டவர்'. பரிசுத்த ஆவியும் இஸ்பிரித்து சாந்துவும் போய் 'தூய ஆவி'. சுவிசேஷம் 'நற்செய்தி', ஞானஸ்நானம் 'திருமுழுக்கு', ஆதியாகமம் 'தொடக்கநூல்', யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்', சங்கீதம் 'திருப்பாடல்கள்'. வடமொழி விலகி தமிழ் ஏறியதில் 20ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் தனித்தமிழ்க் காற்று நல்லாவே தெரியுது. பெயர்களில் கத்தோலிக்கர் இறங்கி வந்தார்கள். அருளப்பர் நற்செய்தி 'யோவான்' ஆனது. சின்னப்பர் 'பவுல்' ஆனார், இராயப்பர் 'பேதுரு' ஆனார். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அருளப்பர் மாதிரி ஒரு அழகான தமிழ்ப் பெயரை விட்டுட்டு ஒலிபெயர்ப்புக்குப் போனது நஷ்டம்தான். ஆனா எதுவுமே நஷ்டமாகாம பேச்சுவார்த்தை நடந்ததுன்னு யாராவது சொன்னா, அங்க பேச்சுவார்த்தையே நடக்கலன்னு அர்த்தம்.

இன்னும் நுணுக்கமான இடம் ஒண்ணு சொல்றேன். லூக்கா முதல் அதிகாரத்தில் வானதூதர் மரியாவை வாழ்த்தும் இடம். கத்தோலிக்க மரபு 'அருள் நிறைந்த' என்று சொல்லும், அதன் மேல்தான் மாதா பக்தியின் ஒரு பெரிய பகுதியே நிற்கிறது. பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பு 'கிருபை பெற்ற' என்று சொல்லும். நிறைந்தவரா, பெற்றவரா? கிரேக்கச் சொல் ஒண்ணுதான். ரெண்டு தரப்பும் அந்த ஒரு சொல்லுக்காக 400 வருஷம் அடிச்சுக்கிட்டிருக்காங்க. திருவிவிலியத்தில் 'அருள்மிகப் பெற்ற' என்று வருகிறது. பெற்றவர்தான், ஆனால் மிகப் பெற்றவர். இதைக் கண்டுபிடிச்ச அந்த அறையில் நான் இருந்திருக்கணும்னு தோணுது. அதே மாதிரி, ஆயர் சண்டையில் 28 வருஷம் ஓட்டிய அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'ஆயர்' என்று போடாமல் 'சபைக் கண்காணிப்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். யாருடைய பதவியையும் முதல் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை.

சேர்ந்து உட்கார்ந்ததில் ரெண்டு தரப்பிலும் முன்பு இல்லாத ஒன்றும் வந்தது. கடிதங்களில் பழைய 'சகோதரரே' இப்போது 'சகோதர சகோதரிகளே'. கானா ஊர்த் திருமணத்தில் இயேசு தன் தாயை அழைக்கிற இடத்தில் பழைய பைபிளில் 'ஸ்திரீயே' இருக்கும். இதில் 'அம்மா'. பெண்களுக்கு 'அவள்' போய் 'அவர்' வந்தது. கிணற்றடியில் நிற்கும் சமாரியப் பெண்ணையும் 'அம்மா' என்றே கூப்பிடுகிறார். நம்ம ஊர்ல முன்பின் தெரியாத பெண்ணை வேற எப்படிக் கூப்பிடுவோம்?

இப்போ கசப்பான பகுதி. 1995ல் புத்தகம் வந்தது. கத்தோலிக்கர் முழுசா எடுத்துக்கொண்டார்கள், திருப்பலி வாசகம் முதல் மறைக்கல்விப் புத்தகம் வரை எல்லாம் அதுதான். புராட்டஸ்டன்ட் பக்கம்? இறையியல் கல்லூரிகளில் இருக்கும், சில போதகர்கள் மேசையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் இருக்காது. பெந்தெகொஸ்தே சபைகளில் சுத்தமா கிடையாது. ஆக, பொது மொழிபெயர்ப்புங்கிறது நடைமுறையில் கத்தோலிக்கப் பைபிள்னு ஆயிடுச்சு.

பிடிவாதம்னு தள்ளிடாதீங்க. இது புதுசும் இல்ல. டேனிஷ் மிஷன் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த எல்.பி. லார்சன் குழு செய்த திருத்தம் 1936ல் வெளியானது, நல்ல தமிழ். மக்கள் தொடவில்லை. பவர் பைபிளை அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். எங்க பெரியப்பாவுக்குப் பாதி சங்கீதம் பார்க்காம வரும். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தப்போ அவருக்குத் துணையா இருந்தது அந்தத் தமிழ். அவர்கிட்ட போய் 'கர்த்தர்'ங்கிறது தப்பு இல்ல, ஆனா இனிமே 'ஆண்டவர்'னு சொல்லுங்கன்னு நான் சொல்வேனா? ஒரு சொல்லைக் குழு விட்டுக்கொடுப்பது வேறு, அந்தச் சொல்லோட அழுதவர் விட்டுக்கொடுப்பது வேறு. மேசையில் உட்கார்ந்தவர்கள் வருஷக்கணக்கில் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு முடிஞ்ச புத்தகம்தான் கைக்கு வந்தது, அந்த உரையாடல் வரல. என் குறை அதுதான். அந்த மேசையை ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோயிருக்கணும்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. லுத்தரன்கள் நம்ம பக்கம் எப்படி வந்தாங்கன்னு தேடிப் போனப்போ கிடைச்சது இது. கார்ல் ஓக்ஸ் என்று ஒரு லைப்சிக் மிஷனரி. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர், தமிழை நேசித்தவர். சாதியை அவர் சமூக வழக்கமாகப் பார்த்தார். சபைக்குள் அது மெல்ல மெல்லத்தான் போகும், பொறுமை வேண்டும் என்பது அவர் நிலை. ஓக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சாதியை விட்டால்தான் சபை என்றார். பேச்சு முறிந்தது. அவர் வெளியேறி, 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்ற பெயரில் வேலையைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரை ஏற்றுக்கொண்டது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுதான். விழுப்புரத்தில் நான் சின்ன வயசுல உட்கார்ந்த பெஞ்சுக்கு அடியில ஒரு சாதிச் சண்டை இருந்திருக்கு. திருவிருந்தில் அப்பம் என்னவாகிறது என்பதைப் பற்றி எல்லாம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தாங்க. இதை யாரும் சொல்லல.

அப்புறம் 2008. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். அப்போ விழுப்புரம் மாவட்டம், இப்போ கள்ளக்குறிச்சி. ரெண்டு தரப்பும் கத்தோலிக்கர், ஒரே மேற்றிராசனம், கையில் ஒரே திருவிவிலியம். தலித் கிறிஸ்தவர்கள், எங்கள் இறந்தவர்களைப் பொதுத் தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக முடியவில்லை, எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். வன்னியர் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். மார்ச் 9 அன்று மோதல், வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் இறந்தார்கள். 'சகோதர சகோதரிகளே' என்று மாற்றி எழுதிய மொழிபெயர்ப்பு வந்து அப்போது 13 வருஷம்.

இந்த எபிசோடுக்காகத் தயார் பண்ணும்போது ரெண்டு வீட்டுலயும் கேட்டேன். விழுப்புரத்துப் பெரியப்பாகிட்ட ஓக்ஸ் பத்திச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கேட்டார், அப்புறம், "அது அந்தக் காலத்துச் சாதிப் பிரச்சனைப்பா, மார்க்க விஷயம் இல்ல"ன்னார். திண்டிவனத்து மாமாகிட்ட எறையூர் பத்திக் கேட்டேன். "அது ஊர்ப் பிரச்சனை, நம்ம வேதத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னார். அருள் நிறைந்தவரா பெற்றவரா, அதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் அரை மணி நேரத்துக்குப் பதில் இருந்தது. நல்ல பதில்கள், ரெண்டையும் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், போனஸ் எபிசோடா போடறேன். "அப்ப சாதியை எந்த மேசையில மாமா வைக்கிறது?"ன்னு கேட்டதுக்கு மாமா காபி போட எழுந்தார். நானும் கூடவே சமையல்கட்டுக்குப் போயிட்டேன். பால் பொங்குற வரைக்கும் அவர் எதுவும் சொல்லல. அப்புறம், "உக்காரு, சொல்றேன்"ன்னார்.